கடைசிப் பக்கத்தின் பின்புறம்

வியாழக்கிழமை காலை இருதயராஜ் வந்து மணியடித்தபோது, சூர்யநாராயணன் ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேச வேண்டியதை நின்றபடியே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயதிலும் அவர் முதுகு வளைந்ததில்லை. உட்கார்ந்து பேசினால் குரல் தொய்ந்துவிடும் என்பது அவர் கட்சி.

பேச்சு அவருடைய அப்பாவைப் பற்றியது. பூனாவை அடுத்த கட்கியில் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஜம்புநாதன், 'ஜம்பு' என்ற பெயரில் 'வெள்ளித்தேர்' என்ற சென்னை வார இதழில் ஒரே ஒரு தொடர்கதை எழுதினார். 'நீர் வடிந்த வீடு.' 1964இல் இருபத்தாறு வாரம் வந்தது. அதற்கப்புறம் அவர் பேனாவைத் தொடவில்லை. ஒன்று போதும் என்று நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்தான் பெரிய எழுத்தாளர் என்று சூர்யநாராயணன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த வீட்டின் கௌரவம் என்று ஒன்று இருந்தால் அது அந்த இருபத்தாறு வாரம்தான்.

கதை பூனா வெள்ளத்தைப் பற்றியது. 1961 ஜூலையில் பான்ஷேத் அணை உடைந்து, அந்தத் தண்ணீரில் கடக்வாஸ்லாவும் உடைந்து, ஆறு ஊருக்குள் வந்ததே, அந்த வெள்ளம். தண்ணீர் வடிந்தபின் வீடு திரும்புகிற ஒருத்தி, தன் வீட்டு மாடத்தில் யாருடையதோ ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கிறாள். அவளுடைய மகள் வெள்ளத்தில் போய்விட்டாள். மகளின் துணிப்பெட்டியும் போய்விட்டது. ஊரார் சிமிழ் மட்டும் வந்திருக்கிறது. அதை உரியவளிடம் சேர்க்க வேண்டும் என்று பேட்டை பேட்டையாக விசாரித்துக்கொண்டு போகிறாள். இருபத்தாறாம் வாரம் ஒரு வாசலில் நிற்கிறாள். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அவ்வளவுதான். 'முற்றும்' கூடக் கிடையாது.

அந்த முடிவில்தான் சூர்யநாராயணனுக்கு உயிர். "அறுபது வருஷத்துக்கு முன்னாடி, சிமிழைக் குடுத்தாளா இல்லையான்னு சொல்லாம விடறதுக்கு எத்தனை தைரியம் வேணும்! வாசகன் முடிச்சுக்கட்டும்னு விட்டுட்டார் அப்பா" என்பார். பேச்சின் கடைசி வரியும் இதுதான்.

அந்தக் கதை இப்போது புத்தகமாக அச்சாகி வந்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. முந்நூறு பிரதி. மகர்பட்டாவில் ஐ.டி. வேலையிலிருக்கும் மகன் ஹரீஷ்தான் ஏற்பாடு. வீட்டில் இருந்த பைண்டு பிரதியிலிருந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, சென்னையில் தட்டச்சு செய்ய வைத்து, முகப்பில் தாத்தாவின் போட்டோவும் போட்டுவிட்டான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். ஆகவே கதையைப் படிக்கவில்லை.

"வாய்யா இருதயம். அமலா அக்கா சௌக்கியமா?"

இருதயராஜ் கட்கியை ஒட்டிய போபோடிக்காரர், அமலாவின் தம்பி. அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சூர்யநாராயணனைவிட இரண்டு வயது பெரியவர். ஆனாலும் 'சார்' தவிர வேறு கூப்பிட்டதில்லை. கையில் பழைய காலண்டர் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"நல்லாருக்குது சார். கண்ணுதான் ஒண்ணு மங்கலு. இத குடுத்தனுப்புச்சு."

பிரித்ததும் சூர்யநாராயணன் முகம் மலர்ந்துவிட்டது. காலிகோ முதுகு போட்ட பைண்டு. உள்ளே 'வெள்ளித்தேர்' பக்கங்கள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். பூனாவுக்கு இதழ்க் கட்டு ரயிலில் இரண்டு நாள் தாமதித்து வரும். ஒரு பிரதியை ஐந்து வீடு படிக்கும். எல்லாரும் படித்து முடித்தபின் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடையில் எடைக்குப் போடுவார்கள். கதை முடிந்ததும் படங்களோடு சேர்த்துத் தைத்துப் புத்தகமாக்கிக்கொள்வார்கள். கடைக்கு வந்த புத்தகங்களைவிட இப்படி வீட்டில் பிறந்த புத்தகங்கள்தான் தமிழ்நாட்டில் அதிகம் என்று சூர்யநாராயணன் தம் பேச்சிலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்.

"ப்ரியா, இங்க வா! ஒரு வாசகி அறுபது வருஷமா காப்பாத்தி வச்ச பிரதி! இதை மேடையிலே தூக்கிக் காட்டப் போறேன்."

அவர் மனைவி ப்ரியம்வதா காப்பி டம்ளர்களோடு வந்தாள். இருதயராஜ் டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"காட்டறதுக்கு முந்தி கடைசிப் பக்கத்த பாக்கச் சொல்லுச்சு சார் அக்கா."

"கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம்யா."

"அந்தப் பக்கம் இல்ல சார். அதோட பின்னாடி."

சூர்யநாராயணன் சிரித்துக்கொண்டே திருப்பினார். கையைத் தூக்கி நிற்கும் பெண்ணின் படம். தாளை மறுபக்கம் புரட்டினார். பாதிப் பக்கம் தலைவலித் தைல விளம்பரம். அதன் கீழே கறுப்புக் கட்டம் போட்டு, 'வருந்துகிறோம்' என்று தலைப்பு.

'கடந்த இருபத்தாறு வாரங்களாக நமது இதழில் வெளிவந்த நீர் வடிந்த வீடு, பூனாவைச் சேர்ந்த ஸ்ரீமதி இந்துமதி பாவசே 1962ஆம் ஆண்டு ஒரு மராத்தி மாத இதழில் எழுதிய நாவலின் மொழிபெயர்ப்பு என்று தெரியவந்துள்ளது. அவருடைய அனுமதியின்றி, சொந்தக் கற்பனை என்று கூறி இது நமக்கு அனுப்பப்பட்டது. தொடர் இந்த இதழோடு நிறுத்தப்படுகிறது. ஸ்ரீமதி பாவசேயிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கோருகிறோம். ஆசிரியர்.'

ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எழுத்துகள் மாறவில்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டது போலிருந்தது. சமையலறைக் குக்கர் எங்கோ அடுத்த தெருவில் கூவுவது போல் கேட்டது.

"யார் அச்சடிச்சது இதை?"

"சார்..."

"யார் அச்சடிச்சு ஒட்டினதுன்னு கேக்கறேன்! எங்கப்பாவுக்கு வேண்டாதவன் எவனோ செஞ்சிருக்கான். ப்ரியா, பீரோவிலேர்ந்து நம்ம பிரதியை எடு."

வீட்டுப் பிரதி பட்டுத் துணியில் சுற்றி, பீரோவில் பூஜைச் சாமான் வைக்கிற தட்டிலேயே இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தின் பின்புறம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அங்கே விளம்பரமும் கிடையாது, கறுப்புக் கட்டமும் கிடையாது. நீலக் கோடு போட்ட வெள்ளைத் தாளில், சிவப்பு மையில், கொடியும் பூவும் வரைந்து 'சுபம்' என்று எழுதியிருக்கும். அது அவரே பதின்மூன்று வயதில் எழுதியது.

'சுபம்' மேல் விரலை வைத்து நின்றார்.

பதின்மூன்று வயதில் எழுதியது. நோட்டுத் தாள். இருபத்தாறு வாரமும் அச்சுத்தாளாக இருக்கும் புத்தகத்தில், இந்த ஒரு பக்கம் மட்டும் எப்படிப் பள்ளிக்கூட நோட்டுத் தாள்?

எப்படி என்று இவ்வளவு காலத்தில் ஒரு நாளும் அவர் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டதும், பதில் காத்துக்கொண்டிருந்தது போல் வந்து நின்றது. ஒரு மத்தியானம். அப்பா கூடத்தில் பாய் விரித்துப் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். "சூரி, உன் நோட்டுலேர்ந்து நல்லதா ஒரு தாள் கிழிச்சிண்டு வா. கடைசியிலே அசிங்கமா ஒரு விளம்பரம் இருக்கு, புஸ்தகத்தையே கெடுக்கறது. அதை நீ பாக்க வேண்டாம், கண்ணை மூடிண்டு ஒட்டு. அப்புறம் அழகா ஒரு சுபம் எழுது பாப்போம்." அவன் அம்மாவிடம் போய் மைதாப் பசை காய்ச்சி வாங்கி வந்தான். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான். அப்பா சொன்னால் சொன்னதுதான். விரலால் தடவித் தடவி, ஓரத்தில் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டினான். அப்பா தலையைத் தடவிக் கொடுத்தார்.

சூர்யநாராயணன் புத்தகத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோய், அந்தத் தாளை மட்டும் வெயிலுக்கு நேராகப் பிடித்தார். 'சுபம்' என்ற சிவப்பு எழுத்துக்குப் பின்னால், கறுப்பாக ஒரு கட்டம் நிழல் போல் தெரிந்தது.

உட்கார்ந்துவிட்டார். ப்ரியம்வதா பயந்து போய், "என்னன்னா, என்னன்னா" என்று தோளைப் பிடித்தாள். அவர் மறு கையால் சைகை காட்டினார், ஒன்றுமில்லை என்று.

"யார் யாருக்குத் தெரியும்?" என்றார் இருதயராஜிடம்.

"அந்த நாள்ல கட்கி, போபோடில தமிழ் படிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் சார்."

"எல்லாருக்குமா?"

"எல்லார் வீட்டுக்கும் அதே புக்கு தானே வந்துச்சு."

"ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையேய்யா, இத்தனை வருஷமா!"

"உங்ககிட்டயா?" இருதயராஜுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. "நீங்க அரை நிஜார் போட்ட காலத்துலயே 'எங்கப்பா கதாசிரியர்'னு கழுத்த வெறச்சுகினு நடப்பீங்க. யாரு வந்து சொல்லுவான்? அதுவும் இல்லாம பெரியவரு எங்க சந்துக்கே பெட்டிஷன் எழுதிக் குடுத்தவரு. எங்கப்பனுக்குக் கை நசுங்கினப்ப நஷ்ட ஈட்டுக்கு மூணு காயிதம் எழுதி வாங்கிக் குடுத்தாரு. 'அந்த மனுசனப் பத்தி எவனாச்சும் வாயத் தொறந்தா பல்லு இருக்காது'ன்னு அப்பன் சொல்லிடுச்சு. அதோட சரி. வேற பேச்சே இல்ல."

சூர்யநாராயணனுக்கு இதுதான் இன்னும் பலமாக அடித்தது. தாம் இவ்வளவு காலம் நிமிர்ந்து நின்று காவல் காத்ததாக நினைத்த மானத்தை, போபோடிச் சந்தில் யார் யாரோ வாயை மூடிக்கொண்டு காப்பாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் சீமந்தத்திலும் அவர் 'வாசகன் முடிச்சுக்கட்டும்' என்று சொல்லும்போது, இவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்போ இப்ப மட்டும் எதுக்குய்யா சொல்றேள்?"

"நானும் வேணாம்னுதான் சொன்னேன் சார். அக்காதான் கேக்கல. 'வாரப் பத்திரிகைன்னா ஏழு நாளு, அப்புறம் வடை மடிச்சிடுவான். மறந்துடலாம். இது புஸ்தகமாச்சேடா. அட்டைல பேரு போட்டா பேரு நின்னுடும். அந்த மராத்தியம்மா பேரு எங்க நிக்கும்?'னு கேக்குது."

காப்பியைக் குடிக்காமலே இருதயராஜ் எழுந்து போனார். பைண்டு மேஜைமேல் இருந்தது.

மத்தியானம் வரை சூர்யநாராயணன் இரண்டு பைண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக மனசில் அவிழ்ந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்தோடு வீட்டில் வார இதழ் வாங்குவது நின்றது. 'பத்திரிகை படிச்சா புத்தி கெடும்' என்று அப்பா தடை போட்டார். அதைக் கண்டிப்பு என்றே அவர் நினைத்தார். அதே தடையை ஹரீஷுக்கும் போட்டார். பேரப்பிள்ளைகள் வரை எவனும் தமிழ் படிக்காமல் போனதற்கு இந்தக் கறுப்புக் கட்டமா காரணம்?

ஹரீஷுக்குப் போன் போட்டார். அவன் ஒரு மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து முழுதும் கேட்டான்.

"அப்பா, ஹால் புக் பண்ணியாச்சு. நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. இப்போ யாருக்குத் தெரியப் போறது? அந்தப் பாட்டி ஒருத்தி. அவகிட்ட நான் வேணா பேசறேன்."

"பேசி?"

"இல்லப்பா... தாத்தா பேர்ப்பா. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகச் சொல்லாதே. நேக்கு எது சரின்னு மட்டும் சொல்லு."

"அது தெரிஞ்சா நான் ஏன்பா முழிக்கப் போறேன்" என்றான் ஹரீஷ்.

போனை வைத்தார். எதிரே ப்ரியம்வதா உட்கார்ந்து அமலாவின் பைண்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள், அல்லது மாமனாரைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று அவர் தயாராக இருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டது வேறு.

"ஏன்னா, அப்போ கதவைத் திறந்தது யாரு?"

"என்னது?"

"அவ கையைத் தூக்கிண்டு நிக்கறாளே. நாப்பத்தெட்டு வருஷமா இதுதான் முடிவு, இதுதான் முடிவுன்னு சொல்லிண்டிருந்தேள். முடிவே இல்லைன்னா ஆயிடுத்து. நிஜமா எழுதினவ ஒண்ணு எழுதியிருப்பாளே? சிமிழைக் குடுத்தாளா, இல்லையா?"

அவர் திகைத்துப் போனார். குடும்பமே இடிந்து விழுந்துகிடக்கிறது, இவள் கதை கேட்கிறாள். கோபம் கூட வந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, அதே கேள்வி தம் தொண்டையிலும் மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆமாம், யார் திறந்தது?

வெள்ளிக்கிழமை நாராயண் பேட்டையில் ஒரு பழைய மராத்தி வாசகசாலைக்குப் போனார். 1962ஆம் வருஷ மாத இதழ்கள் எல்லாம் வேண்டும் என்றார். அங்கிருந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தூசு தட்டி ஒன்பது பைண்டுகளை எடுத்துப் போட்டாள். ஐந்தாவதில் இருந்தது. ஸௌபாக்யவதி இந்துமதி பாவசே. பக்கம் புரட்டப் புரட்ட, அப்பாவின் வாக்கியங்கள் என்று அவர் மனப்பாடம் செய்திருந்தவை எல்லாம் மராத்தியில் எழுந்து வந்தன. அணை உடைந்த அன்று ஊர்க்காவல் மணி, சேற்றில் கிடந்த தம்பூரா, மாடத்துச் சிமிழ். வீட்டில் எவருக்கும் தெரியாமல் அப்பா எத்தனை ராத்திரி இதை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்! ஒரு சொல்கூட விடாத நல்ல மொழிபெயர்ப்பு. பெயர் போட்டிருந்தால் எவ்வளவு பெருமை! அங்கேயே, ஃபேனுக்குக் கீழே, அவர் கண் கலங்கிவிட்டது.

பிறகு கடைசி அத்தியாயத்துக்கு வந்தார். படித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். முந்நூறு புத்தகமும் பெட்டிகளைப் பிரிக்காமல் மேடைக்குப் பின்னால் இருந்தன. ஒன்றுகூட வெளியே வரக்கூடாது என்று ஹரீஷிடம் சொல்லியிருந்தார். முதல் வரிசையில் இருதயராஜ் அமலாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தார். எண்பத்தொரு வயது. ஒரு கண் வெள்ளையாக இருந்தது. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சூர்யநாராயணன் மைக் முன்னால் நின்றார். எழுதி வைத்த பேச்சு சட்டைப் பையிலேயே இருந்தது. இரண்டு பைண்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். கட்டம் போட்ட அறிவிப்பை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்தார். பின்வரிசையில் யாரோ "ஐயய்யோ" என்றார்கள், அது ஹால் முழுக்கக் கேட்டது.

"இதன்மேல் தாள் ஒட்டியது என் கை" என்றார். "ஒட்டச் சொன்னது என் தகப்பனார். அவர் செய்தது திருட்டு. அவர் எனக்குத் தகப்பனார். இரண்டும் உண்மை, இரண்டையும் நான் மாற்ற முடியாது. இந்தப் புத்தகம் இன்றைக்கு வெளியாகாது. இந்துமதி பாவசேயின் பெயர் அட்டையில் வந்து, அவர் வீட்டார் சம்மதமும் கிடைத்தபின் வரும். இல்லாவிட்டால் வராது."

நிறுத்தினார். முதுகு நேராகவே இருந்தது.

"கதையின் முடிவை நீங்கள் யாரும் படித்ததில்லை. நான் முந்தாநாள்தான் படித்தேன். சொல்கிறேன்."

அமலா தலையைச் சாய்த்து நல்ல கண்ணை அவர் பக்கம் திருப்பினாள்.

"அவள் கதவைத் தட்டுகிறாள். திறப்பது ஒரு சின்னப் பெண். நாலு வயசு. அந்தக் குழந்தை போட்டிருக்கும் கவுன், இறந்துபோன மகளுக்காக இவள் தன் கையால் தைத்தது. கழுத்தோரத்தில் மாங்காய் வேலைப்பாடு. வெள்ளம் இந்த வீட்டுச் சிமிழை அங்கே கொண்டுபோன அன்றைக்கே, அந்த வீட்டுத் துணிப்பெட்டியை இங்கே கொண்டுவந்திருக்கிறது. உள்ளேயிருந்து அந்தக் குழந்தையின் அம்மா வருகிறாள். இவள் சிமிழைக் கொடுக்கிறாள். அவ்வளவுதான்."

அமலா இருந்த இடத்திலிருந்தே, சந்துக்குள் பேசுகிற குரலில் கேட்டாள்:

"கவுன கேக்கலயா அவ?"

"கேட்கலை அக்கா. குழந்தையின் காலர் மடிந்திருந்தது. அதைச் சரி பண்ணிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள்."

அமலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ப்ரியம்வதா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாப்பாடு எப்படியோ நடந்தது. சிலர் சாப்பிடாமலே போனார்கள். ஒருவர், பெயர் வேண்டாம், "பெத்தவனை மேடையில ஏத்தி அடிச்சுட்டியே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். சூர்யநாராயணன் அதற்கும் கைகூப்பினார். ஹரீஷ் தூரத்தில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, ஒரு பிரதியை எடுத்து முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாரும் போனபின் அமலா கூப்பிட்டாள்.

"சூரி, இங்க வா. உங்கப்பன் மேல எனக்குக் கோவம் இல்ல, தெரியுமா? தமிழ்ல எனக்கு அந்தக் கதைய யாரு குடுத்திருப்பா? ஆனா பாதியில விட்டுட்டுப் போய்ட்டாரு பாரு, அதான் ஆறல." மேஜையிலிருந்த தன் பைண்டைத் தடவி எடுத்தாள். "நீ சொன்னியே இப்ப, அத அப்படியே எழுதிக் குடு. தமிழ்ல. நான் இதோட சேத்துத் தச்சிக்கறேன்."

"பத்துப் பக்கம் வரும் அக்கா."

"வரட்டுமே. எனக்கு இன்னும் ஒரு கண்ணு இருக்குது. பெரிய எழுத்தா எழுது."

அன்று சாயங்காலமே அவர் மேஜைமுன் உட்கார்ந்தார். கோடு போட்ட நோட்டுத் தாள்தான் வீட்டில் இருந்தது. சிவப்பு மை இல்லை, நீலத்தில் ஆரம்பித்தார். பதின்மூன்று வயதில் கொடியும் பூவும் போட்டு எழுதிய அதே கையெழுத்தில், ஒன்றும் வரையாமல், தாளின் தலையில் முதலில் அந்தப் பெயரை எழுதினார். இந்துமதி பாவசே.